மேக்னெட்டோவுக்குக் கட்டிய ஆட்டுத்தோல்

அந்த ஐப்பசி முழுக்க எங்கள் ஆஸ்பத்திரி மோட்டார் என் பிராணனை வாங்கியது. வெயில் அடித்தால் சமத்தாக ஓடும். தூறல் விழுந்தால் போதும், இரண்டு தரம் தும்மிவிட்டு நடுரோட்டில் நின்றுவிடும். வேலூரில் நர்ஸாக இருந்த எனக்கு, டாக்டரம்மாவோடு சுற்றுப்பட்ட ஊர்களுக்கு மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதுதான் வேலை. வண்டியைத் தள்ளுவதும் அதோடு சேர்ந்துகொண்டது. சேற்றில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளும்போது வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் தீர்ப்பேன். டாக்டரம்மா காதில் விழாத மாதிரி ஏரியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

டிரைவர் ஆம்பூரில் தோல் பதனிடுகிற டேனரியில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு மோட்டார் ஓட்டக் கற்றுக்கொண்டவன். நானும் அந்த ஊர்தான். அவன் மனைவி தலைப்பிரசவத்துக்கு ஆம்பூருக்குத் தாய்வீடு போயிருந்தாள். அவளுக்கு இடுப்பு குறுகல், வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது, வலி எடுத்த உடனே இங்கே கொண்டுவந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தார். அதற்கு வேலூரிலேயே இருக்கட்டுமே என்றால், தலைப்பிரசவத்தை வேறு இடத்தில் வைத்துக்கொள்ள அவள் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. ஆக, எல்லாம் இந்த வண்டியை நம்பித்தான் இருந்தது.

மழைக்கால ஆரம்பத்தில் ஒரு நாள் வண்டி நனைந்து நின்றபோது, மேக்னெட்டோவில் ஈரம் பட்டுவிட்டது என்று அவனே கண்டுபிடித்தான். மேக்னெட்டோ என்பது நெருப்புப்பொறிக்கு வேண்டிய கரண்டை உண்டாக்கிக் கம்பிகள் வழியே எஞ்சினுக்கு அனுப்புகிற பெட்டி. அவன் துணியால் துடைத்தான், வண்டி கிளம்பிவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் டேனரியில் வேலை செய்தவன் கை சும்மா இருக்குமா? டேனரியின் உப்புக் கிடங்கில் வேலை பார்த்த மாமனாரிடம் சொல்லி, ஓட்டையோ கீறலோ இல்லாத வெள்ளாட்டுத் தோல் ஒன்றைப் பொறுக்கி வாங்கிவந்தான். பதனிட்ட தோல்கூட இல்லை, உப்புப் போட்ட பச்சைத் தோல். பச்சைத் தோல்தான் காயக் காய இறுகும், மேளத்துக்குக் கட்டின மாதிரி பிடித்துக்கொள்ளும், சொட்டுத் தண்ணீர் இறங்காது என்றான். மேக்னெட்டோவையும் கம்பிகளையும் சேர்த்து அதற்குள் வைத்து, ஊசி போட்டுத் தைத்தே விட்டான். எங்கள் ஊரில் தோலைவிட உசத்தியான பொருள் கிடையாது. எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

அதற்கப்புறம்தான் பேஜார் ஜாஸ்தியானது. முன்பு நன்றாக நனைந்தால் மட்டும் நின்ற வண்டி, இப்போது மேகம் கவிந்தாலே இருமியது. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று டிரைவர் அதை வடித்துப் பார்த்தான். பிளக்குகளைக் கழற்றிச் சுட வைத்து மாட்டினான். ஒர்க்‌ஷாப்பில் காட்டப் போன அன்று வெயில் கொளுத்தியது. தோல் அப்பளம் மாதிரி மொறமொறவென்று இருந்தது, எஞ்சின் ஒரே சுற்றில் கிளம்பியது. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை, உங்களுக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்று மேஸ்திரி திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு வாரம் கழித்துத் திமிரி போனபோது கொட்டுகொட்டென்று கொட்டியது. தள்ளுவதற்குத் தயாராக நான் புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குப் பார்த்து எங்கேயும் நிற்காமல் போய்வந்தது. தூறலில் நிற்கிற வண்டி பேய்மழையில் எப்படி ஓடும்? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தோல் நாறுகிறது என்று முந்தின நாள் டாக்டரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டதால், டிரைவர் அதைப் பிரித்து ஷெட்டில் அடுப்போரம் உலர்த்தப் போட்டிருந்தான். அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஆஸ்பத்திரி திரும்பியதும், இனிமேல் கழற்றக் கூடாது என்று அவன் முன்னைவிட இறுக்கித் தைத்தான்.

வலி எடுத்துவிட்டது என்று ஆம்பூரிலிருந்து ஆள் வந்தபோது காலையில் வானம் வெளுத்திருந்தது. டாக்டரம்மா என்னைக் கூட அனுப்பினார். போகும்போது வண்டி பறந்தது. அங்கே போய்ப் பார்த்தால் தண்ணீர்க்குடம் ராத்திரியே உடைந்திருந்தது. அந்தப் பெண்ணின் அம்மா மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. திட்ட நேரமில்லை. ரப்பர் விரிப்பை இருக்கையில் போட்டு அவளைப் படுக்க வைத்துக் கிளம்பினோம். மாதனூர் தாண்டினதும் தூறல் பிடித்தது. கொஞ்ச தூரத்தில் வண்டி தும்மியது, நின்றது.

டிரைவர் பானெட்டைத் திறந்து தோலின் மேல்பக்கத்தைத் துடைத்தான். ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினான், கிளம்பவில்லை. மறுபடி துடைத்தான், மறுபடி சுற்றினான். ரோட்டில் ஒரு வண்டி மாடுகூடக் கண்ணில் படவில்லை. பின்னால் அவள் முனகுவதும் நிற்பதுமாக இருந்தாள். நான் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டேன். துடிப்பு மெதுவாகிக்கொண்டு வந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.

எஞ்சின் மேல் குடை பிடிக்கச் சொன்னான். ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு மறு கையை அந்தத் தோல் மேல் ஊன்றினேன். அவன் ஹாண்டிலைச் சுற்றினான். தோள்வரைக்கும் கரண்டு சுரீரென்று ஏறியது. குடை பறந்து போயிற்று. சின்னப் பிள்ளை மாதிரி விரலை வாயில் வைத்துக்கொண்டேன். ஒரே உப்பு.

அந்த உப்பு நாக்கில் பட்டதும் எங்கள் தெரு டேனரியின் உப்புக் கிடங்கு ஞாபகம் வந்தது. மழைக்காலத்தில் கூரை ஒழுகாவிட்டாலும் உள்ளே அடுக்கியிருக்கும் தோல்களிலிருந்து தண்ணீர் வடியும், தரையெல்லாம் ஈரமாகும். தோல் வேர்க்கிறது என்று சொல்வோம். உப்பு காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். உப்புத் தண்ணீரில் கரண்டு ஓடும் என்பதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. மழைக்கு மறைப்பாகக் கட்டினது உள்ளுக்குள் தானே நனைந்து கிடக்கிறது என்று மட்டும் தெரிந்தது. அதுகூட நிச்சயமாகத் தெரிந்ததா என்றால், இல்லை. பெட்டியிலிருந்து தொப்புள்கொடி வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து, தையலை அறுக்க ஆரம்பித்தேன்.

டிரைவர் என் கையைப் பிடித்துக்கொண்டான். "இன்னா பண்றீங்க நர்ஸம்மா? அதுவும் இல்லன்னா தண்ணி நேரா உள்ள போய்டும்."

"கைய எடு. உள்ள தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தான். தோலின் உள்பக்கம் பிசுபிசுவென்று நனைந்திருந்தது, கம்பிகளில் உப்பு பூத்திருந்தது. அவன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றான். பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து நானே எல்லாவற்றையும் துடைத்தேன், அது உலரும்வரை முந்தானையால் விசிறினேன். பெட்டியில் இருந்த இன்னொரு ரப்பர் விரிப்பை வெட்டி மேலே போர்த்தினோம். இரண்டாவது சுற்றில் எஞ்சின் கிளம்பியது. பள்ளிகொண்டா தாண்டி அடைமழை பிடித்தது. வண்டி நிற்கவே இல்லை.

தாய் பிழைத்தாள். ஆண் குழந்தை. அழவில்லை.

டிரைவர் ஆபரேஷன் அறைக்கு வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் வெளியே வந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "நான் அத கட்டாமயே வுட்டிருந்தா புள்ள பொழச்சிருக்குமா?"

உள்ளே போய் டாக்டரம்மாவைக் கேட்டேன். ராத்திரியே கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார். வண்டி நிற்காமல் வந்திருந்தால் ஒருவேளை என்றார். அப்புறம், சொல்ல முடியாது என்றார். எதை எடுத்துப் போய் அவனிடம் சொல்வது? இன்றுவரைக்கும் எனக்கு அது விளங்கவில்லை. நல்லதுக்குச் செய்ததை எந்தக் கணக்கில் வைப்பது?

மறுநாள் அவளுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். டிரைவர் கட்டில் காலடியில் நின்றான். அவள் அழுது முடித்து, முகம் வீங்கிப் போயிருந்தாள். வண்டி ஏன் நின்றது என்று என்னைக் கேட்டாள். மழை என்றேன்.

அவள் புருஷனைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒரு தோலு பத்தல போல. அப்பாகிட்ட கேட்டு இன்னொண்ணு வாங்கி, ரெண்டு சுத்தா கட்டிடு. அடுத்த புள்ளைக்காச்சும் வண்டி நிக்கக் கூடாது."

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தேன்.

"செரி, கட்டிடறேன்" என்றான்.