புதுப்பட்டினத்தில் அறிவியல் டீச்சர் தேடிய மூன்று நாட்கள்

போன ஜூலையில் மூன்று நாள் லீவு போட்டுக்கொண்டு நான் புதுப்பட்டினம் போனது கடல் பார்க்க அல்ல. என் கல்லூரித் தோழி கலைவாணி அங்கே எட்டாம் வகுப்பு வரை உள்ள ஒரு சின்னப் பள்ளிக்குத் தலைமையாசிரியை. நூற்றுப் பத்துப் பிள்ளைகள், பெரும்பாலும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். பள்ளியின் அங்கீகாரத்தைப் புதுப்பிப்பதற்காக வியாழக்கிழமை அதிகாரி ஆய்வுக்கு வருகிறார். முந்தின வாரம்தான் அறிவியல் ஆசிரியை கூடுதல் சம்பளத்துக்கு நகரத்துப் பள்ளிக்குப் போய்விட்டார். ஃபைல் அடுக்கவாவது வா என்று கூப்பிட்டாள்.

செவ்வாய் காலை 6.40க்குப் பொத்தேரியில் மின்சார ரயில். செங்கல்பட்டுக்கு அரை மணி நேரம், பத்து ரூபாய். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்பாக்கம் பஸ்: முப்பது கிலோமீட்டர், எனக்கு ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. கல்பாக்கத்தை ஒட்டியே இருக்கிறது புதுப்பட்டினம். (மலைக்கோயில் ஜன்னலில் தெரியும்வரை தூங்கிவிடாதீர்கள்.)

பள்ளியில் கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் தயார். ஆசிரியர் பதிவேட்டில் அறிவியலுக்கு நேரே மட்டும் பெயர் இல்லை. மதியம் ஓர் இடைத்தரகர் வந்தார். பி.எட். படித்த ஒருவரின் சான்றிதழ்களைத் தருவாராம். ஆள் வரமாட்டார், பதிவேட்டில் பெயர் மட்டும் இருக்கும். உண்மையைச் சொன்னால், ஒரு நாள் சமாச்சாரம்தானே என்று நானே கலைவாணியிடம் சொன்னேன்.

"நாளைக்கு எட்டாங்கிளாஸுக்கு யாரு பாடம் எடுப்பா? அந்தப் பேரா?" என்றாள். தரகர் போய்விட்டார்.

சாயங்காலம் மார்க்கெட்டில் தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்தோம். மீன் விற்கும் தேசம்மாவின் மகள் சங்கீதா எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். விஷயம் கேட்டதும் தேசம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"நம்ம கைல மீன் வாங்கினு போவாங்களே தென்காசிக்காரம்மா, அவங்க டீச்சருக்குப் படிச்சவங்கதான். வூட்ல சும்மாதான் கீறாங்க. போய்க் கேட்டா இன்னா, டீச்சரம்மா?"

அவர் பெயர் உமா. வேதியியலில் எம்.எஸ்சி., பி.எட். கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை. ஆறு வருடமாக வகுப்புக்குப் போகவில்லை, எல்லாம் மறந்திருக்கும் என்று தயங்கினார். நான்கு வயது மகளை எங்கே விடுவது என்பதும் கவலை. எல்.கே.ஜி.யில் சேர்த்துக்கொள்கிறேன் என்றாள் கலைவாணி. யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். எனக்கு நம்பிக்கை இல்லை.

புதன் காலை 8.50க்கு ஒரு கையில் மகள், மறு கையில் சான்றிதழ் உறையோடு வந்து நின்றார். அன்றே நியமன ஆணை, அன்றே முதல் வகுப்பு.

வியாழன் 10.15க்கு அதிகாரி வந்தார். பதிவேட்டில் தேதியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். "நேத்துதான் சேர்ந்தாங்களா?"

"ஆமா சார். இருந்தவங்க போயிட்டாங்க. இவங்களை முந்தாநாள்தான் கண்டுபிடிச்சோம்" என்றாள் கலைவாணி.

அவர் கையெழுத்துப் போடவில்லை. நேரே எட்டாம் வகுப்புக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நான் வராந்தாவில் நின்றேன். உமா மஞ்சள் தடவிய தாளில் சுண்ணாம்புத் தண்ணீரைச் சொட்டவிட்டார், தாள் சிவந்தது. சங்கீதா எழுந்து, கடல் தண்ணீர் பட்டாலும் சிவக்குமா என்று கேட்டாள்.

"நான் செஞ்சு பார்த்ததில்ல. பாத்துருவோம்" என்றார் உமா.

சங்கீதாவின் பாட்டிலில் கடல் தண்ணீர் வரப் பத்து நிமிடம் ஆனது. அதிகாரி எழுந்திருக்கவில்லை. தாள் மஞ்சளாகவே இருந்தது. கடல்நீரும் காரம்தான், ஆனால் மஞ்சளைச் சிவக்கவைக்கும் அளவுக்குக் காரம் இல்லை என்று உமா விளக்கினார்.  அதிகாரி தனக்கும் ஒரு தாள் கேட்டு வாங்கி, சுண்ணாம்புத் தண்ணீரில் தோய்த்துப் பார்த்துக்கொண்டார். பிறகு கலைவாணியிடம், "டீச்சர் இருக்காங்கன்னே எழுதுறேன்" என்றார். ஆகஸ்டில் புதுப்பிப்பு ஆணை வந்தது.

அன்று சாயங்காலம் நாங்கள் மூவரும் உமாவின் மகளும் மாமல்லபுரம் போனோம். பதினைந்து கிலோமீட்டர், பஸ்ஸில் அரை மணி நேரம். வறுத்த மீன் சாப்பிட்டுக்கொண்டே கலைவாணி காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். நானும்தான்.

போகிறவர்களுக்கு: செங்கல்பட்டில் ஏழரைக்குள் பஸ் ஏறிவிடுங்கள், பிறகு நின்றுகொண்டுதான் போகவேண்டும். சின்னப் பள்ளி நடத்துகிறவர்களுக்கு: தூரத்து ஊர்களில் விளம்பரம் செய்வதற்கு முன் பக்கத்துத் தெருக்களில் கேளுங்கள். வேலைக்காக எங்கிருந்தோ குடிவந்த குடும்பங்களில், படித்துவிட்டு வீட்டில் இருப்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். போன திங்கட்கிழமை உமாவின் எதிர் வீட்டுக்காரர், கணக்குப் பட்டதாரி, யாரும் கூப்பிடாமலே சான்றிதழ்களோடு பள்ளி வாசலுக்கு வந்திருக்கிறார்.