நண்டுக்கொடுக்கில் ஒரு சதுர ஓட்டை

ஆள்காட்டி விரலை வண்டியின் பெல்ட்டைத் தாங்கும் ரோலருக்கு அடியில் நுழைத்து, அங்கே கசிந்து நிற்கும் எண்ணெயில் ஒரு சொட்டைத் தொட்டு, நாக்கு நுனியில் வைத்துக்கொள்கிறார் பழனிவேல். கண்ணை மூடுகிறார். கல்யாண வீட்டுச் சமையல்காரர் ரசத்துக்கு உப்புப் பார்க்கிற அதே முகம். பிறகு பக்கத்தில் துப்பிவிட்டு, "கரிக்குது. சீலு போயி பத்து நாளாவுது. உப்புத்தண்ணி உள்ள பூந்துட்டிருக்கு" என்கிறார். நேற்று சாயங்காலம்தான் கசிய ஆரம்பித்தது என்று வண்டிக்காரர் சத்தியம் செய்வார். "கரையில நின்னுகிட்டுப் பேசாத" என்று பழனிவேல் ஒரே வார்த்தையில் அவர் வாயை அடைத்துவிடுவார்.

அவர் வாயில் அடிக்கடி வருவது இதுதான். தேவனாம்பட்டினத்துக்காரர், இருபது வருடம் விசைப்படகுகளில் எஞ்சின் பார்த்தவர். கடலில் இறங்காமல் கடலைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் அவருக்குக் கரையில் நிற்கிறவர்கள். சேற்றில் கால் வைக்காமல் சேற்று வண்டியைப் பற்றிப் பேசுகிறவர்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்து எட்டு வருடமாகிறது.

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் போகிற சாலையில், ஒரு ஐஸ் பிளாண்டை ஒட்டி அவருடைய தகரக் கொட்டகை இருக்கிறது. 'எல்லா செயின் வண்டியும் பார்க்கப்படும்' என்று கதவில் பெயிண்டால் எழுதியிருக்கும். செயின் வண்டி என்றால், முன்னால் வாளியும் அடியில் டயருக்குப் பதில் ரப்பர் பெல்ட்டும் உள்ள குட்டி லோடர். ஒரு கார் நிற்கிற இடத்தில் நின்று அப்படியே திரும்பிக்கொள்ளும். வாய்க்கால் தூர்வார, இறால் குட்டையில் வண்டல் அள்ள, கரும்புச் சக்கையை ஒதுக்க என்று இந்த ஜில்லாவில் அதற்கு வேலை ஓய்வதில்லை. செயின் போய் பெல்ட் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் பெயர் செயின் வண்டிதான்.

வேலை நேரத்தில் பழனிவேல் சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி மாற்றிப் போட்டுக்கொள்வார். குனிந்தால் பையில் உள்ளது கொட்டிவிடுமாம். பை உள்ளே இருந்தால் நெஞ்சோடு ஒட்டி நிற்குமாம். அந்தப் பையில் எப்போதும் இரண்டு சாமான்கள் இருக்கும். ஒன்று சாக்பீஸ். மற்றது நட்டோடு கூடிய ஒரு பழைய போல்ட்டு. அதன் தலைக்குக் கீழே கழுத்து உருண்டையாக இருக்காது, சதுரமாக இருக்கும். மரத்தில் அடித்து இறுக்கினால் சுற்றாமல் நிற்பதற்காகப் படகுக்காரர்கள் போடுகிற போல்ட்டு அது. காய்ந்த சேற்றைச் சுரண்ட அவருக்கு அதைவிட நல்ல கருவி கிடையாது.

அவருக்குக் கோபம் வர அதிக நேரம் பிடிக்காது. ஒரு புது வண்டியை அடியில் படுத்துப் பார்த்தால் போதும். "இத பாரு. வயித்துத் தகடு கழட்ட பதினெட்டு போல்ட்டு. உள்ள வைக்கோலு அடைச்சிகிட்டா எஞ்சினு சூடாவும். சேத்துல நின்னுகிட்டு எவன் பதினெட்டு போல்ட்டு கழட்டுவான்? ஒருத்தனும் கழட்ட மாட்டான். அப்புறம் வண்டி எரிஞ்சிடுச்சி, ஆபரேட்டர் சரியில்லன்னு எழுதுவான்." இதைச் சொல்லும்போது கையில் உள்ள ஸ்பேனர் மேலும் கீழும் ஆடும். சொல்லிவிட்டு அந்தத் தகட்டை அறுத்து, ஒரு பக்கம் கீல், மறுபக்கம் இரண்டு முளை என்று மாற்றிக் கொடுத்துவிடுவார். இப்போது அது பீரோக் கதவு மாதிரி திறக்கும். கிரீஸ் அடிக்கிற மூக்கு சேற்றுக்குள் புதைந்திருந்தால், பிரேக் குழாயில் நீட்டி இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். சிமெண்டுத் தரையில் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு உப்பனாற்றுச் சேற்றுக்கு விற்கிறார்கள் என்பது அவர் புகார். அந்தத் தரையைத் துடைக்கத் தனியாக ஆள் இருப்பான் என்றும் சேர்த்துக்கொள்வார்.

அவர் செய்ததிலேயே கெட்டிக்காரத்தனமானது, நண்டுக்கொடுக்கு என்று அவரே பெயர் வைத்த ஒரு கத்தி. இந்தப் பக்கத்து வாய்க்கால்களில் கிழிந்த வலை நிறையக் கிடக்கும். தங்கூசி என்கிற அந்த நைலான் நரம்பு, பெல்ட்டுக்குள் ஓடும் ரோலரின் அச்சில் சுற்றிக்கொள்ளும். சுற்றச் சுற்ற இறுகி, சூடேறி, எண்ணெய் வெளியே வராமல் அடைத்து நிற்கும் ரப்பர் சீலை அறுத்துவிடும். வண்டி செய்கிற கம்பெனிக்காரர்களுக்கு இது விளங்காத நோய். பழனிவேலுக்கோ பிறந்ததிலிருந்து பழக்கமான நோய். படகுக்கு அடியில் சுற்றும் விசிறியில் வலை மாட்டினால், அச்சை ஒட்டி நிற்கும் ஒரு கத்தி அதை அறுத்துவிடும். அதே கத்தியை ரோலருக்கும் வைத்தால் என்ன?

வைத்தார். விசைப்படகு கடலடியில் இழுத்துப்போகும் வலையான இழுவை மடியின் வாயை விரித்துப் பிடிக்கப் பெரிய மரப்பலகைகள் உண்டு. கடல் தரையில் உராய்ந்தே வாழ்கிற அந்தப் பலகைகளின் அடியில் இரும்புப் பட்டை அடித்திருப்பார்கள். உடைந்த படகிலிருந்து அந்தப் பட்டைகளை வாங்கிவந்து, சாண் நீளத்துக்கு அறுத்து, ஒரு முனையைத் தீட்டி, ரோலருக்குப் பக்கத்தில் சட்டத்தோடு பற்றவைத்தார். தீட்டிய முனை அச்சை ஒட்டி நிற்கும். வால் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வாலில் ஒவ்வொன்றிலும் ஒரு சதுர ஓட்டை. பலகையில் போல்ட்டு அடித்திருந்த பழைய ஓட்டை அது. துறைமுகத்துக் கொல்லர் கையால் தட்டியது, ஒரு மூலை மழுங்கியிருக்கும். அதனால் ஒரு பயனும் இல்லை. அதை அடைக்க ஒரு வெல்டிங் ராடு தண்டம் என்று விட்டுவிட்டார்.

புவனகிரிப் பக்கத்து ஜோதிலட்சுமியின் வண்டியில்தான் முதலில் பொருத்தினார். ஜோதிலட்சுமி பி.காம். படித்தவர், நெல்லும் உளுந்தும் போட்ட குடும்பத்திலிருந்து வந்து, வாய்க்கால் தூர்வாரும் வேலையை எடுத்துச் செய்கிறவர். மாதம் ஒரு சீல் மாற்றிக்கொண்டிருந்த அவருடைய வண்டி அதற்குப் பிறகு பதினான்கு மாதம் ஒரு ரோலர் பிரச்சினையும் இல்லாமல் ஓடியது.

செய்தி கம்பெனிக்குப் போனது. போன வருடம், சர்வீஸ் என்ஜினியர் இளவரசு கேமராவோடும் அளவுக் கருவியோடும் கொட்டகைக்கு வந்தார். நல்ல பையன், மரியாதையானவர். வண்டிக்கு அடியில் படுத்து நண்டுக்கொடுக்கை எல்லாப் பக்கமும் அளந்தார். டீ வாங்கிக் கொடுத்தது பழனிவேல்தான். "சூப்பர்ணா, மேல சொல்றேன்" என்று போனவர்தான். மேலே என்ன சொன்னாரோ, கீழே ஒன்றும் வரவில்லை.

வந்தது இந்தப் புரட்டாசியில். அதுவும் ஜோதிலட்சுமிக்கு. அவர் வண்டியின் இடது பக்க மோட்டார், பெல்ட்டை இழுத்து ஓட்டுகிற மோட்டார், வாரண்டி முடிய மூன்று மாதம் இருக்கும்போது நின்றுபோனது. நண்டுக்கொடுக்குக்கும் அந்த மோட்டாருக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. மழைக்கு முன் முடிக்கவேண்டிய வாய்க்கால் பாதியில் கிடக்கிறது. முடிக்காவிட்டால் அடுத்த வருடம் அந்த வேலை அவருக்குக் கிடைக்காது. கம்பெனி ஒரு பக்கக் கடிதம் அனுப்பியது. ஆங்கிலக் கடிதத்தை ஜோதிலட்சுமியே கொட்டகையில் நின்று தமிழில் சொன்னார்.

"வண்டியில அங்கீகாரம் இல்லாத மாற்றம் செஞ்சிருக்கீங்களாம். தகுதி இல்லாத ஆள் கை வெச்சிருக்காராம். அதனால மோட்டாருக்கு நாங்க பொறுப்பில்லையாம். போட்டோ வெச்சிருக்காங்கண்ணே. உங்க நண்டுக்கொடுக்குதான்."

"இன்னா ஆளு?"

"தகுதி இல்லாத ஆள்."

பழனிவேல் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். எதற்கெடுத்தாலும் அதை ஆட்டிக் கத்துகிற மனிதர் அப்படி வைத்ததில் ஜோதிலட்சுமிக்கே பயம் வந்துவிட்டது. பழனிவேலிடம் அளவு எடுத்துக்கொண்டு போன கைதான், அவர் கையைத் தகுதி இல்லாத கை என்று எழுதியிருக்கிறது. அந்தக் கையால்தான் இத்தனை நாள் வண்டி ஓடியது என்று எழுத அந்தக் காகிதத்தில் இடம் இல்லை.

அடுத்த வாரம் சிதம்பரத்தில் புறவழிச்சாலை ஓரமாக, அந்தக் கம்பெனியின் புது மாடல் அறிமுகம் நடந்தது. பந்தல், பிளாஸ்டிக் நாற்காலி, ஆளுக்கு ஒரு தொப்பி. வண்டிக்கு மாலை போட்டுச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். பெண்ணாடத்திலிருந்தும் வடலூரிலிருந்தும் வண்டிக்காரர்கள் வந்திருந்தார்கள். இளவரசைப் பார்த்து நேரில் கேட்டுவிடலாம் என்று ஜோதிலட்சுமி போனார். பழனிவேலையும் கூட்டிக்கொண்டு போனார். "சட்டைய மட்டும் நேரா போட்டுகிட்டு வாங்கண்ணே" என்று கெஞ்சியதால் அன்றைக்குப் பை வெளியே இருந்தது.

இளவரசு மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். பழனிவேல் பேச்சைக் கேட்கவில்லை. வழக்கம்போல வண்டியின் பக்கத்தில் குந்தி, ரோலருக்கு அடியில் விரலை விட்டார். புது வண்டியில் எங்கே எண்ணெய் கசியப்போகிறது, பழக்கம்தான். விரல் எண்ணெயில் படவில்லை. வழவழவென்று பெயிண்ட் அடித்த ஒரு பட்டையில் பட்டது. பட்டையோடு நகர்ந்து ஓர் ஓட்டையில் போய் நின்றது. நான்கு மூலை. அதில் ஒரு மூலை மழுங்கல்.

பார்க்காமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு ரோலருக்கும் ஒன்று, வரிசையாக. மஞ்சள் பெயிண்ட் அடித்த நண்டுக்கொடுக்குகள்.

"சார்!" பந்தல் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார். "இது இன்னா சார்?"

இளவரசு பார்த்தார். ஆளை அடையாளம் தெரிந்ததும் மைக் கொஞ்சம் இறங்கியது. "அது... லைன் கார்டுண்ணா. புது மாடல்ல குடுத்திருக்கோம். வலை, வயர் ஏதாவது சுத்துனா கட் பண்ணிடும்."

"சரி. இந்த ஓட்டை எதுக்கு?"

"எடை குறைய."

"நாலு டன்னு வண்டியில இந்த ஓட்டையால எடை குறையுதா?"

யாரோ சிரித்தார்கள். இளவரசு, தண்ணீர் வடியவும் அது உதவும் என்றார். நேராக நிற்கிற பட்டையில் தண்ணீர் எங்கே தேங்கும் என்று வடலூர்க்காரர் ஒருவர் கேட்டார். டிசைன் பிரிவில் விசாரித்துச் சொல்வதாக இளவரசு சொன்னார். அவருக்கும் தெரியாதுதான், பாவம். அளந்ததை அப்படியே அனுப்பியிருக்கிறார். வந்ததை அப்படியே வரைந்திருக்கிறார்கள். மழுங்கிய மூலையைக்கூட விட்டுவைக்கவில்லை.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே சார்" என்றார் பழனிவேல். "ஒரு வார்த்த கேட்டிருந்தா, அது வேணாம், அடைச்சிடுங்கன்னு சொல்லியிருப்பேன்."

பையிலிருந்து அந்தப் பழைய போல்ட்டை எடுத்து, நட்டைக் கழற்றி, ஓட்டையில் விட்டுத் தள்ளினார். கழுத்துவரை போயிற்று. உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார். சதுரக் கழுத்து சதுர ஓட்டையில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்துகொண்டது.

"எங்க ஊரு மடிப்பலகை போல்ட்டு சார் இது. இப்ப உங்க வண்டியிலயும் அங்கீகாரம் இல்லாத மாற்றம் செஞ்சாச்சி. லெட்டர் எழுதுங்க."

நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. ஆட்கள் எழுந்து வந்து வண்டியைச் சுற்றிக் குனிந்தார்கள். இளவரசு மைக்கை வைத்துவிட்டு ஓடிவந்தார். ஜோதிலட்சுமியைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்த் தாழ்ந்த குரலில் பேசினார்.

"மேடம், இத பெருசாக்க வேணாம். மோட்டார் மாத்தித் தரச் சொல்லி நானே பேசுறேன். வர்ற வாரமே வந்துடும். அந்த லெட்டர மட்டும் எங்கிட்ட குடுத்துடுங்க."

ஜோதிலட்சுமி கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்தார். இளவரசு கை நீட்டினார். அந்தக் கையைத் தாண்டிப் போய், கடிதத்தைப் பழனிவேலிடம் கொடுத்தார்.

"அண்ணே, உங்கள பத்தி எழுதுனது. நீங்களே வெச்சிக்கங்க."

பழனிவேல் அதை விரித்துப் பார்த்தார். ஆங்கிலம், அவருக்குப் படிக்கத் தெரியாது. எழுத்து வெளியே தெரியும்படி நான்காக மடித்து, நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டின் முனையில் குத்திச் செருகினார். அதன் மேல் நட்டைப் போட்டு விரலால் திருகினார். பிறகு, இடுப்பிலிருந்து ஸ்பேனரை உருவி இன்னும் ஒரு சுற்று இறுக்கினார்.