மகளிர் விடுதியில் ஓடிய மீட்டர்

எங்கள் பக்கத்து ஊர்களில் ஒரு சமயம் கதவுக்குக் கதவு தெலுங்கில் கரியால் எழுதி வைத்திருந்தார்கள்: 'ஓ ஸ்த்ரீ, ரேப்பு ரா.' பெண்ணே, நாளைக்கு வா. பொழுது சாயும் நேரத்தில் ஒரு பேய்ப்பெண் வீடு வீடாக வந்து, நமக்கு வேண்டியவர்களின் குரலிலேயே கூப்பிடுவாளாம். பதில் கொடுத்தால் ரத்தம் கக்கிச் சாவுதான். கதவில் எழுதியிருப்பதைப் படித்தால் மட்டும் திரும்பிப் போய்விடுவாளாம். மறுநாள் வந்து மறுபடியும் படிப்பாளாம். இவ்வளவு படிப்பறிவும் பணிவும் உள்ள பேயை எனக்குப் பிடித்தே இருந்தது, பகல் வேளைகளில்.

திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்தின் கட்டடப் பராமரிப்புப் பிரிவில் நான் சேர்ந்தது அந்தச் சமயத்தில்தான். கார்வேட்டிநகரத்துப் பக்கத்திலிருந்து பாலிடெக்னிக் படித்துவிட்டு வந்தவள். எனக்கு மேலே இருந்த உதவிப் பொறியாளரும் பெண், சித்தூர்க்காரர், என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். தண்ணீர், மின்சாரம், கதவு, சன்னல், சாக்கடை என்று எல்லாவற்றுக்கும் இரண்டு பெண்கள் பொறுப்பு என்பது பிரிவில் இருந்த ஆண்களுக்குச் செரிக்கவில்லை. ஒருநாள் காலை எங்கள் அறைக் கதவிலேயே சாக்பீஸால் 'ஓ ஸ்த்ரீ, ரேப்பு ரா' என்று எழுதியிருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மேடம் நின்று படித்தார். "நாளைக்கும் நாமதான் வரப்போறோம். இருக்கட்டும் வுடு" என்று உள்ளே போய்விட்டார். அழிக்கவும் விடவில்லை.

அவர் கையைப் பிடித்து எனக்கு எதையும் கற்றுக்கொடுத்ததில்லை. சாவிக் கொத்தை மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். தட்டுத் தடுமாறி நான் செய்து முடித்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். இதற்குப் பேர்தான் நம்பிக்கை என்று தெரியாமல் உள்ளுக்குள் அவரை நிறையத் திட்டியிருக்கிறேன்.

அந்தக் கோடை விடுமுறையில் மேசைக்கு வந்தது மகளிர் விடுதியின் சாவிக் கொத்து. அதுவரை எங்கள் ஆட்களே செய்த வேலைகளை ஒவ்வொன்றாக ஒப்பந்தத்துக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். மூட்டைப்பூச்சிக்கு மருந்துப் புகை போட வெளியூரிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. கதவு சன்னல் இடுக்குகளில் காகிதம் ஒட்டி, புகையை நிரப்பிப் பூட்டிவிடுவார்கள். உள்ளே ஆள் இருந்தால் பிணமாகத்தான் எடுக்க வேண்டும். விடுதி காலி என்று சொல்ல வேண்டியவள் நான்.

துப்புரவு வேலை செய்யும் அக்காவோடு மதியம் அறை அறையாகப் போனேன். ஒவ்வொரு கதவையும் தட்டி, "யாராவது இருக்கீங்களாம்மா?" என்று கூப்பிட்டோம். எல்லாக் கதவிலும் பூட்டு தொங்கியது. பிள்ளைகள் இல்லாத விடுதியில் நம் குரல் வேறு யாருடையதோ போலத் திரும்பி வரும். கீழே வந்து மெயினை அணைப்பதற்கு முன் மீட்டரைப் பார்த்தேன்.

பழைய மீட்டர். கண்ணாடிக்குள் ஓர் அலுமினியத் தட்டு, அதன் விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு. மின்சாரம் செலவானால் தட்டு சுழலும், இல்லாவிட்டால் நின்றுவிடும். பூட்டிக் கிடந்த விடுதியில் அது சுழன்றுகொண்டிருந்தது. சிவப்புக் கோடு மெதுவாக வந்தது, மறைந்தது, மறுபடி வந்தது.

அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இங்க நிக்காத, வா போலாம்" என்றார். எலெக்ட்ரீஷியன் வந்து, "பழைய ஒயரிங்கு, எங்கியோ லீக் ஆவுது மேடம்" என்று சிரித்தார். கம்பெனி ஆட்கள் மருந்து டிரம்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நிறுத்தச் சொன்னால், பேய்க்குப் பயந்தவள் என்று பிரிவே கைகொட்டிச் சிரிக்கும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை என்னால் முழுதாக நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை. மேடத்துக்குப் போன் செய்தேன்.

"நீ இன்னா நெனக்கிற?" என்றார்.

"ஆள் இருக்குதுன்னு தோணுது மேடம். எங்கன்னு கேட்டா தெரியல."

"அப்ப நிறுத்து. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லாத, நீ சொன்னேன்னே சொல்லு. ஒவ்வொரு ப்யூஸா புடுங்கிப் பாரு. நான் வந்துகினே இருக்கேன்."

நிறுத்தினேன். கம்பெனி மேற்பார்வையாளர் முறைத்தார். ப்யூஸ் கட்டைகளைப் பிடுங்க ஆரம்பித்தேன். ஒரு கட்டைக்கு ஒரு வரிசை அறைகள். தட்டு தன் பாட்டுக்குச் சுழன்றுகொண்டிருந்தது. இரண்டாம் மாடிப் பின்வரிசையின் கட்டையைப் பிடுங்கியதும் நின்றது. திரும்பச் செருகினேன், நகர்ந்தது. எலெக்ட்ரீஷியன் சிரிப்பதை விட்டுவிட்டார்.

மேடம் வந்து சேரும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. மூன்று பெண்களும் மாடி ஏறினோம். அந்த வரிசையில் பாதிக் கதவுகளில் பிள்ளைகள் அதே வாசகத்தை எழுதி வைத்திருந்தார்கள். ஓர் அறைக்குள் ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. வெளியே பூட்டு தொங்கியது. தட்டினேன்.

ஃபேன் நின்றது.

அக்கா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. முடிந்த வரைக்கும் அன்பாக, "பயப்படாத கண்ணு, யாரு உள்ள? பேசும்மா" என்றேன். மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. மேடம் கதவில் இருந்த எழுத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என் காதருகே குனிந்து சொன்னார்:

"இருட்டற நேரத்துல கதவத் தட்டி, அன்பா கூப்புடற பொம்பள. உள்ள இருக்கறது உன்ன யாருன்னு நெனச்சிக்கினு இருக்கும்? கூப்புடாத. திட்டு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதவுக்கு இந்தப் பக்கம் நான் பேய்க்குப் பயந்துகொண்டிருந்தேன். அந்தப் பக்கத்துக்கு நானே பேய். தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். "லீவு வுட்டு எத்தினி நாளாவுது? ரூம காலி பண்ணணும்னு தெரியாது? கரண்ட் பில்லு உங்க நைனாவா கட்றாரு? வார்டன் கிட்ட சொல்லி சீட்ட கிழிக்கறேன் இரு!"

"வரேன் மேடம்" என்று நடுங்கும் குரல் வந்தது. கதவின் அடியிலிருந்து ஒரு சாவி எங்கள் கால்மாட்டுக்கு நகர்ந்து வந்தது.

பூட்டைத் திறந்தோம். முதலாண்டு மாணவி. காய்ச்சலில் உடம்பு கொதித்தது. முன்கதவை வெளியே பூட்டிவிட்டுப் பின்பக்கம் எல்லா அறைகளுக்கும் பொதுவாக ஓடும் பால்கனி வழியாக உள்ளே போயிருக்கிறாள். புத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். நைனா கட்டட வேலைக்கென்று பெங்களூர் போனவர் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். பூட்டிய வீட்டுக்குத் தனியாகப் போகப் பயந்து, பூட்டிய விடுதியில் ஒளிந்துகொண்டவள்.

"மதியமே கூப்புட்டமே, ஏன் பதில் சொல்லல?" என்று கேட்டேன்.

"தெனம் இருட்டற நேரத்துல பின்னால இருந்து கூப்புடுது மேடம். எங்கம்மா கொரல்லயே கூப்புடுது. பகல்லயும் வந்துடுச்சின்னு நெனச்சேன்."

அவள் சொல்லி வாய் மூடவில்லை. பின்பக்கமிருந்து ஒரு பெண்குரல் நீட்டிக் கூப்பிட்டது. "பாப்பா... ஏ பாப்பா..." நாங்கள் நாலு பேரும் கேட்டோம். அந்தப் பெண் என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். மேடம் முகமும் வெளுத்திருந்தது. அப்போதும் அவர் முன்னால் போகவில்லை. "விடுதி உன்னுது. நீதான் பாக்கணும்" என்றார்.

பால்கனிக் கதவைத் திறந்தேன். மதில் சுவருக்கு அப்பால் முட்புதர்களுக்கு நடுவே முக்காடு போட்ட ஒரு பெண், பெரிய பையோடு, இந்தச் சன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். கீழேயிருந்து வாட்ச்மேன் கத்தினார்: "அது பைத்தியம் மேடம். தெனம் தொரத்திக்கினுதான் இருக்கேன்."

நடுங்கிக்கொண்டிருந்த பெண்ணை அழைத்துவந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். "இது எங்கம்மா இல்ல மேடம். எங்கம்மா குண்டா இருக்கும்" என்றாள். திரும்பி உள்ளே போய்விட்டாள்.

அவளை மேடத்திடம் விட்டுவிட்டுக் கீழே போய், மதிலுக்கு வெளியே நின்றவரிடம் விசாரித்தேன். வேலை செய்த வீட்டில் தாங்க முடியாமல், சொல்லாமல் கொள்ளாமல் குவைத்திலிருந்து திரும்பியிருக்கிறார் அந்த அம்மா. ஊரில் கேட்டால் பெண் விடுதியில் இருக்கிறாள் என்றார்கள், விடுதியில் கேட்டால் யாரும் இல்லை என்றார்கள். பின்னால் ஒரு சன்னலில் மட்டும் சாயங்காலம் வெளிச்சம் தெரிந்ததாம். புத்தூரில் அண்ணன் வீட்டிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து கூப்பிட்டிருக்கிறார். மகள் காலில் இருக்கும் தழும்புவரை சொன்னார். நான் நம்பினேன். நம்பிய பிறகுதான் கஷ்டமாக இருந்தது. மகள் சொன்னதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அப்படியே சொல்லிவிட்டேன்.

அவர் அழவில்லை. தன் கைகளை ஒரு தரம் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "நான் போறப்ப அது ஆறாவது படிச்சிக்கினு இருந்துச்சி. அப்ப நான் குண்டாத்தான் இருந்தேன்" என்றார். பிறகு, "அது பாக்கட்டும் மேடம். அவசரப்படுத்தாதீங்க. நான் நிக்கறேன்" என்றார்.

அவரை கேட்டுக்குள் விடச் சொன்னேன். முக்காட்டை எடுத்துவிட்டு, விளக்குக் கம்பத்துக்கு அடியில் போய், வெளிச்சம் படும்படி முகத்தை மாடிப்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றார். மகள் இறங்கி வரும்வரைக்கும் அந்த முகத்தை அவர் கீழே இறக்கவில்லை.