துரை கொடியும் ஆத்தா கொடியும்

தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை சொல்வதை ஆட்களுக்கும், ஆட்கள் சொல்வதைத் துரைக்கும் சொல்லி, இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்வதுதான் தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணியின் வேலை. நீங்களும் நடுவில் நின்று பிழைத்தவர்கள் என்றால் என் கஷ்டம் புரியும். மலாயாவில் யோங் பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு நாள் லீவு கேட்டு வருஷா வருஷம் நான்தான் துரையிடம் போவேன். சாம்ராஜ்யத் திருநாளான எம்பயர் டேக்கு, மே இருபத்து நாலில் லீவு விடுகிறேனே, அது போதாதா என்பார் அவர்.

கற்பூரம்

ஒரு வருஷம் எம்பயர் டேயில் துரைக்கு உற்சாகம் தாங்கவில்லை. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் கம்பம் நட்டுக் கொடி ஏற்றினார். சலாம் வைத்துவிட்டு எல்லாரும் கலைந்தார்கள். பால் வெட்டும் அஞ்சலை மட்டும் கம்பத்தடியில் தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்தினாள். துரை அதை ராஜபக்தி என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினார். என்னம்மா இது என்று அவளிடம் கேட்டேன்.

"கொடி ஏறிடுச்சுங்க கிராணி ஐயா. இனி எறங்குற வரைக்கும் யாரும் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது."

ஆற்றுக்கு அந்தப் பக்கம்

அழகாகப் பறக்கிறதே என்று துரை கொடியை இறக்கவேயில்லை. மூன்றாம் நாள் இருபது பேரை ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகச் சொன்னார். ஒருவரும் அசையவில்லை. வேலை நிறுத்தமா என்று அவர் முகம் சிவந்தது. திருவிழாக் கொடி ஏறினால் இறங்கும்வரை ஊரை விட்டுப் போகமாட்டார்கள் என்று விளக்கினேன். கொடியைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார், தானே போய்க் கயிற்றை அவிழ்த்துக் கொடியை இறக்கினார்.

"கிராணி, என் கொடியே என் ஆட்களைக் கட்டிப்போட்டுவிட்டது."

அஞ்சலை கேட்டது

அடுத்த எம்பயர் டேயில் கொடி ஏறியதும் அஞ்சலை வரிசையை விட்டு முன்னால் வந்தாள். துரைக்குக் கோபம் வந்தால் வேலையும் போகும், தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். உங்கள் ராசா கொடிக்கு நாங்கள் நின்றோம், எங்கள் ஆத்தா கொடிக்கு லீவு விட்டு நீங்கள் வந்து நிற்கவேண்டும் என்றாள். கொஞ்சம் நயமாக மாற்றிச் சொல்ல நினைத்தேன். அவள் நின்ற நிமிர்வைப் பார்த்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது. ஒரு சொல் மாற்றாமல் துரையிடம் சொன்னேன்.

ஆடி மாதம் மாரியம்மன் கோயில் கொடியேற்றத்தன்று துரை தோட்டத்துக்கே லீவு விட்டு, தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். அன்று அவரையும் மனதார மெச்சினேன். பூசை முடிந்ததும் சிங்கப்பூரில் குதிரைப் பந்தயம் பார்க்கக் காரில் ஏறினார். அஞ்சலை காருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"கொடி ஏறிடுச்சு தொரை. நீங்களும் எல்லையைத் தாண்டக்கூடாது."

நான் அதையும் சொன்னதும் துரை காரை விட்டு இறங்கிவிட்டார், அந்த வருஷம் முதல் எங்கள் தோட்டத்துக்கு இரண்டு கொடி, இரண்டு லீவு, அந்த இரண்டு நாளும் லீவில்லாமல் கம்பம் நட ஓடியது கிராணி ஒருவன்தான்.