ஆக்சில் சீலும் அரை யானையும்

சொல்லவே கூச்சமா இருக்குதுங்க. போன மாசம் எங்க வேனுக்கு அடியில இருந்த ஒரு ஓட்டைய நான் அடைச்சேன். அடைக்கச் சொல்லி யாரும் கேக்கல. அடைச்சேன்னு யாருகிட்டயும் சொல்லவும் இல்ல.

வேன் என்னுது இல்லீங்க, என் சம்சாரம் வளர்மதியோடது. பழைய வண்டி. அவளே சமைச்சு, அவளே ஓட்டிட்டுப் போயி, ரெண்டு பனியன் கம்பெனிக்கு மத்தியானச் சாப்பாடு குடுக்கறா. என் வேலை? பாத்திரம் கழுவறது, வண்டி கழுவறது... மிச்ச நேரத்துல உங்களுக்கு இந்தப் பத்தி எழுதறது.

அப்படிக் கழுவும்போதுதான் பாத்தேன். பின் சக்கரம் ரெண்டையும் சேர்க்கற ஆக்சில் குழாய் மேல சின்னதா ஒரு மூக்கு. அதைச் சுத்தி லேசா ஆயில் ஈரம். நம்ம திருப்பூர்ல எந்தக் கசிவுக்கும் முதல் வைத்தியம் என்னங்க? பனியன் வேஸ்ட்! கையில கெடச்ச துண்டைப் பசையில முக்கி, மூக்குக்குள்ள திணிச்சு, ஓவர்லாக் நூல்ல நாலு சுத்து சுத்தி முடிச்சுப் போட்டேன். ஈரம் நின்னுபோச்சு. பெருமையா ஒரு டீ குடிச்சேன்.

ரெண்டு வாரத்துல பின் சக்கரத்தோட உள்பக்கம் ஆயில் வழிய ஆரம்பிச்சுது.

ராயபுரத்துல எங்களுக்கு ஒரு மெக்கானிக் உண்டு — ஞானதுரை அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இங்க வந்து இருபது வருசம் ஆச்சு, பேச்சு மட்டும் இன்னும் அங்கயே இருக்குது. "ஆக்சில் சீல் போயிட்டு. ஆயில் பிரேக் ஷூ வரைக்கும் இறங்கியிருக்கு. இத வச்சு ஓட்டக்கூடாது"ன்னு சொல்லி, சக்கரத்தைக் கழட்டி, ஆக்சிலை உருவி, புது சீல் — ஆயில் வெளிய வராமத் தடுக்கற ரப்பர் வளையமுங்க — போட்டாரு. பிரேக் ஷூவையும் மாத்திக் குடுத்தாரு.

நாலே நாள். மறுபடியும் ஆயில்!

அந்த நேரம் பாத்து வளர்மதிக்கு மூணாவதா ஒரு பெரிய கம்பெனி கெடைக்கற மாதிரி இருந்துச்சு. இருநூறு பேருக்குச் சாப்பாடு. "திங்கக்கிழமை மொத நாள். ஒரு வாரம் பாப்போம், சரியா வந்தா உங்களுக்குத்தான்"னு சொல்லியிருந்தாங்க. அண்டா அண்டாவா சாம்பாரை ஏத்திக்கிட்டு, பிடிக்காத பிரேக்கை நம்பிப் போக முடியுங்களா?

வளர்மதி போனை எடுத்தா. "ஏனுங்க அண்ணாச்சி, பழைய சீலையே தொடைச்சுத் திரும்பப் போட்டுட்டீங்களா?"

நான் பக்கத்துல நின்னு தலையை ஆட்டினேன். அதான் எனக்கு நல்லா வருமே.

அந்தப் பக்கம் அவரு கோவப்படல. "சர்ச் விட்டதும் வாரேன்க்கா"ன்னாரு.

ஞாயித்துக்கிழமை வெள்ளைச் சட்டையோட வந்தாரு. அதைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு வண்டிக்கு அடியில போனாரு. அப்பறம் ஒரு கை மட்டும் வெளிய வந்துச்சு. கையில கல்லாட்டம் இறுகிப்போன ஒரு துணி உருண்டை. குழந்தைங்க டீ ஷர்ட் துண்டு போல. பாதி யானைப் படம் என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு.

"இத ஆரு வச்சது?"

வளர்மதி என்னப் பாத்தா.

"எலி... இழுத்துட்டு வந்திருக்கும்"னேன்.

"எலி ரெட்டை முடிச்சு போடுமா சார்?"

ஒத்துக்கிட்டேன். வேற வழி?

அண்ணாச்சி பொறுமையா விளக்கினாரு. "வண்டி ஓடுனா உள்ள சூடாவும். காத்து பெருகும். அது வெளிய போறதுக்குத்தான் இந்த மூக்கு. லேசா ஈரம் இருக்கத்தான் செய்யும். நீங்க மூக்கை அடச்சிட்டிய... அந்தக் காத்து ஆயிலையும் சேத்து சீலைத் தள்ளிட்டு வராம என்ன செய்யும்?"

யோசிச்சா எல்லா எடத்துலயும் இப்படித்தானுங்க. ஊட்டுல, கம்பெனியில, யாரு தாங்க முடியாம வெடிக்கறாங்களோ அவங்க மேலதான் பழி. மூச்சு விட விடாம அடைச்சவன் பக்கத்துலயே நல்லவனாட்டம் நின்னு தலையாட்டிக்கிட்டு இருப்பான்.

வளர்மதி ஒரு டம்ளர் மோரோட அவரு முன்னால போயி நின்னா. "அண்ணாச்சி, தப்பாப் பேசிட்டேனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

"இருக்கட்டும்க்கா. நாளைக்குச் சாப்பாடு நேரத்துக்குப் போவணும்லா" — அவ்வளவுதான் சொன்னாரு. மறுபடியும் புது சீல், புது பிரேக் ஷூ, சுத்தமான மூக்கு. சாயங்காலம் ஊத்துக்குளி ரோட்டுல அவளே ஓட்டிப் பாத்தா. பிரேக் கும்முனு பிடிச்சுது.

ஒரு வாரமும் சாப்பாடு நேரத்துக்குப் போச்சுங்க. சனிக்கிழமை வந்து, சாவியை மாட்டிக்கிட்டே சொன்னா — ஆர்டர் கெடச்சிருச்சு!

"அந்த மேனேஜர் ஒண்ணு கேட்டாருங்க. வண்டி இத்தனை பழசா இருக்குதே, தெனமும் ஒழுங்கா வருமான்னு."

"நீ என்ன சொன்ன?" — ஆசையாத்தான் கேட்டேன்.

"எங்க ஊட்டுக்காரரை இனி அது கிட்டவே விடமாட்டேனுங்கன்னு சொன்னேன். அப்பறந்தான் அந்தாளு கையெழுத்தே போட்டாரு."