குசினிச் சுவரில் ஓர் ஆணி

மானிப்பாயில் எங்கள் பக்கத்து வீடு என் கணவரின் அக்காவுடையது. அவர் கனடாவில் இருக்கிறார். வாடகைக்கு ஆள் பார்ப்பது, கிணறு இறைப்பிப்பது, தேங்காய் பிடுங்குவிப்பது எல்லாம் என் பொறுப்பு. அந்த வீட்டுப் பூட்டின் இரண்டாவது திறப்பு அப்போது எங்கள் குசினியின் வெளிச்சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். வீடு சும்மா கிடந்த காலத்தில், தேங்காய் பிடுங்குகிறவரும் கரண்ட் வேலைக்காரரும் அதைத் தாங்களே எடுத்துப் போய்த் திரும்பக் கொழுவிவிடுவார்கள்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு நேர்ஸ் பிள்ளை தன் சின்ன மகளோடு குடிவந்தாள். சாமான் இறக்கி முடியவில்லை, கேட்டாள்:

“அன்ரி, உந்தத் திறப்பு எத்தினை பேரிட்டை இருக்கு?”

“உன்னட்டை ஒண்டு, என்னட்டை ஒண்டு.”

“என்ரை செலவிலை பூட்டை மாத்தட்டே?”

எனக்குச் சுள்ளென்றது. “எங்களைக் கள்ளர் எண்டு நினைச்சிட்டியோ பிள்ளை? கதவு திறந்து கிடந்தாலும் ஒருத்தரும் காலடி வைக்காத ஒழுங்கை இது!”

அவள் பிறகு கேட்கவில்லை. எனக்கும் அவளைப் பிடித்துப்போயிற்று. பிடித்தவர்களைப் பற்றி நான் கதைத்துக்கொண்டே இருப்பேன். கடையில், பஸ் நிற்கிற இடத்தில், “பாவம், காலமை தாயும் மகளும் போனா பின்னேரம்தான் வருவினம், வீடு பூட்டினபடி” என்று இரங்கினேன். “முதலிலை உன்ரை வாய்க்கு ஓர் ஆமைப்பூட்டு வாங்கவேணும்” என்பார் கணவர். நான் சிரிப்பேன்.

ஒரு பின்னேரம் அவள் வந்தபோது வாசல் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. அலுமாரி கொட்டிக் கிடந்தது. மகளின் தோடும் சங்கிலியும் இல்லை. அவள் கத்திய சத்தத்துக்கு ஓடும்போது சுவரைப் பார்த்தேன். வெறும் ஆணி.

பொலிஸ்காரர் பூட்டைத் தடவிப் பார்த்தார். “உடைக்கேல்லை, திறப்பாலைதான் திறந்திருக்கு. எத்தினை திறப்பு அம்மா?”

என்னிடம்தான் கேட்டார். ஒழுங்கைச் சனம் முழுதும் வாசலில் நின்றது.

“ஒண்டுதான். அந்தப் பிள்ளையிட்டை.”

என் வாய் ஒருநாளும் அவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். “திறப்பைக் கவனமா வைச்சிருக்கிறேல்லையோ, தங்கச்சி?” என்று பொலிஸ்காரர் ஏசினார். “வேலை வேலையெண்டு ஓடினா உப்பிடித்தான்” என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

மாத முடிவில் வீட்டை விட்டாள். திறப்பை என் உள்ளங்கையில் வைத்து, “ஒண்டுதானே அன்ரி தந்தனீங்கள்” என்றாள். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை பிடித்துத் தப்பியிருப்பேன்.

அடுத்த நாளே பூட்டை மாற்றினேன். ஆணியையும் பிடுங்கினேன். அவள் இப்போது சுன்னாகத்தில் இருக்கிறாளாம். பஸ்ஸில் போனால் அதிக நேரம் இல்லை. நான் இன்னும் போகவில்லை.

பிறகு ஒரு புதுக் குடும்பம் வந்தது. திறப்பு இரண்டையும் கொடுத்தேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஒன்றைத் திருப்பி நீட்டினாள். “நீங்கள் வைச்சிருங்கோ அன்ரி, அவசரத்துக்கு உதவும். உங்களை நம்பாமல் ஆரை நம்புறது?”

“வேண்டாம் பிள்ளை.”

“ஏன் அன்ரி?”

அடுப்பில் பால் பொங்குது என்று சொல்லித் திரும்பி நடந்தேன். அடுப்பில் ஒன்றுமே இருக்கவில்லை.