டாக்டரின் கைகள்

மாட்ரிட் பக்கத்து ஊரொன்றில் எவாரிஸ்தோ கறிக்கடை வைத்திருந்தார். எழுபதுகளில் அங்கிருந்த பழைய மாளிகையில் ஒரு திகில் படம் எடுத்தார்கள். அழகு சிகிச்சை என்று பெண்களை வரவழைத்து, முகத்தோலை உரித்தெடுக்கும் டாக்டரின் கதை. டாக்டராக நடித்தவருக்கு ரத்தத்தைக் கண்டாலே மயக்கம் வரும். அதனால் உரிக்கும் காட்சிக்கு எவாரிஸ்தோவின் கைகளைப் படம் பிடித்தார்கள். உரித்தது என்னவோ பன்றித்தோல்தான்.

படம் ஊர்த் தியேட்டருக்கு வந்தது. திரையில் கத்தி இறங்கியதும் எல்லோரும் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். ரொட்டிக்கடை ப்ருதென்சியா மட்டும் உரக்கச் சொன்னாள்:

"அந்த நசுங்குன கட்டைவிரலப் பாருங்க, நம்ம எவாரிஸ்தோ. யப்பா, கொழுப்ப எடையில சேத்துடாத."

தியேட்டரே சிரித்தது. எவாரிஸ்தோ நாற்காலியில் கூனிக் குறுகினார்.

மறுநாள் கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து மேயரின் மனைவி ஹெனோவேவா வந்தாள். தாடையைத் தூக்கிக் காட்டினாள்.

"இந்தத் தொங்கல மட்டும் எடுத்துடேன்பா. படத்துல எவ்வளவு நேர்த்தியா உரிச்ச."

"அம்மா, நான் வெட்டுனது எதுவும் இதுவரைக்கும் எழுந்து நடந்ததில்லீங்க."

அவள் சற்று யோசித்துவிட்டு, அரைக் கிலோ தொடைக்கறி மட்டும் வாங்கிக்கொண்டு போனாள். எவாரிஸ்தோ தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதல் தடவையாகக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.